97, ஆர்ச்சர்ட் தெரு: ஒண்டுக்குடித்தன வீட்டைச் சுற்றிக் காட்டுபவர்கள்

1874 அக்டோபர் 7. நியூயார்க் நகரம், ஆர்ச்சர்ட் தெரு, 97-ஆம் எண் கட்டடம். அங்கே குடியிருந்த ஜூலியஸ் கம்பர்ட்ஸ் காலையில் வேலைக்குப் புறப்பட்டார். காலணிக்குக் குதிகால் வெட்டும் தொழிலாளி. போனவர் திரும்பி வரவில்லை. வீட்டில் மனைவி நதாலி, மூன்று பெண் குழந்தைகள், சின்னஞ்சிறு பையன் ஒருவன். முந்தைய ஆண்டுதான் அமெரிக்காவில் வங்கிகள் சரிந்து, ஆலைகள் மூடி, ஆயிரக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்திருந்தார்கள். நதாலி முன்னறைச் சன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பெண்களுக்கான உடைகளைத் தைக்கத் தொடங்கினார். அதில் வந்த கூலியில் வாடகை கொடுத்தார், பிள்ளைகளை வளர்த்தார்.

அந்த முன்னறை இன்றும் இருக்கிறது. அதற்குள் ஒரே சமயத்தில் சுமார் பதினைந்து பேரை நிறுத்தி, இந்தக் கதையைச் சொல்வது ஒருவருக்கு வேலை. பெரும்பாலும் பகுதிநேர வேலை. மணிக்கணக்கில் சம்பளம். கதையை முடித்ததும் கூட்டத்தில் யாராவது கேட்டே தீருவார்கள்: "அந்த ஆள் என்னதான் ஆனார்? ஓடிப்போய்விட்டாரா, செத்துப்போய்விட்டாரா?"

"தெரியாது" என்பதுதான் பதில். அந்தப் பதிலைச் சொல்லிவிட்டு, கேட்டவரின் ஆர்வம் அணைந்துவிடாமல், தெரிந்த இடத்துக்கு அவரை அழைத்துப் போக வேண்டும். அங்கேதான் இந்தத் தொழில் தொடங்குகிறது. பழைய வீடுகளைப் பாதுகாப்பது பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் சுண்ணாம்பையும் மரத்தையும் கூரை ஓட்டையும் பற்றியே பேசுகிறோம். சுவர் எத்தனை உறுதியாக இருந்தாலும் வாய் திறக்காது. அந்த வீட்டில் வாழ்ந்தவர்களை மீண்டும் வாழவைப்பவர், வாசலில் நின்று ஆட்களை எண்ணி உள்ளே அனுப்பும் அந்த வழிகாட்டிதான். அவருடைய வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பெரிய மனிதரின் கட்டிலிலிருந்து ஏழையின் அடுக்களைக்கு

வீட்டையே அருங்காட்சியகமாக்கும் வழக்கம் அமெரிக்காவில் 1850-இல் தொடங்கியது. சுதந்திரப் போரின்போது ஜார்ஜ் வாஷிங்டன் தலைமையகமாகப் பயன்படுத்திய நியூபர்க் ஊர் ஹாஸ்புரூக் வீட்டை நியூயார்க் மாநிலம் வாங்கிப் பொதுமக்களுக்குத் திறந்தது. அடுத்து வாஷிங்டனின் சொந்த வீடான மவுண்ட் வெர்னன். ஆன் பமேலா கனிங்ஹாம் என்ற பெண்மணி ஊர் ஊராகப் பெண்களைத் திரட்டி, 2 லட்சம் டாலர் விலை பேசி, 1858-இல் அதை வாங்க ஒப்பந்தம் போட்டார். அதன்பின் நூறாண்டுக்கு மேலாக, நினைவு வீடு என்றால் பெரிய மனிதர் பிறந்த அறை, படுத்த கட்டில், எழுதிய மேஜை. நம் பக்கத்திலும் அப்படித்தானே?

மவுண்ட் வெர்னனில் எட்மண்ட் பார்க்கர் என்றொருவர் இருந்தார். அந்தப் பண்ணையில் அடிமையாக இருந்த கறுப்பினத்தவர். விடுதலைக்குப் பிறகு அதே இடத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்து, சீருடை போட்டுக்கொண்டு, வாஷிங்டன் கல்லறையருகே காவல் நின்றார். வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வதும் அவர் வேலை. 1898-இல் இறக்கும்வரை அந்த இடத்தின் அடையாளமாகவே இருந்தார். தன்னை அடிமையாக வைத்திருந்த குடும்பத்தின் பெருமையை, வந்து நிற்கும் வெள்ளையர்களுக்கு விளக்குவது அவர் பிழைப்பு. தன் கதையில் எவ்வளவைச் சொன்னாரோ, எவ்வளவை விழுங்கினாரோ! வீடுகளைச் சுற்றிக் காட்டுபவர்களின் வரலாறு எழுதப்பட்டால், அதை இவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன்.

ஆர்ச்சர்ட் தெருக் கட்டடம் இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கியது. 1863-இல் லூக்காஸ் கிளாக்னர் என்ற ஜெர்மானியத் தையற்காரர் கூட்டாளிகளோடு சேர்ந்து கட்டிய ஐந்து மாடி வாடகைக் கட்டடம் அது. ஒரு தளத்துக்கு நான்கு குடித்தனம். ஒவ்வொன்றும் சுமார் 325 சதுர அடி: ஒரு முன்னறை, ஒரு அடுக்களை, ஒரு சின்னப் படுக்கையறை. சன்னல் வெளிச்சம் முன்னறைக்கு மட்டும். கழிப்பறை கொல்லைப்புறத்தில், எல்லோருக்கும் பொது. 1901-இல் வாடகைக் கட்டடச் சட்டம் வந்த பிறகுதான் ஒவ்வொரு தளத்திலும் இரண்டு கழிப்பறை கட்டினார்கள். உள்ளறைகளுக்கு வெளிச்சம் போக நடுச்சுவரில் சன்னல் வெட்டினார்கள். 1935-இல் தீத்தடுப்பு விதிகளுக்கு ஏற்ப மாடிப்படியை மாற்றிக் கட்ட வேண்டும் என்றபோது, அந்தச் செலவைவிடக் குடித்தனக்காரர்களை வெளியேற்றுவதே மேல் என்று உரிமையாளர் முடிவெடுத்தார். கீழே கடைகள் மட்டும் நடந்தன. மேல்தளங்கள் அரை நூற்றாண்டு பூட்டிக் கிடந்தன.

1988-இல் ரூத் ஏப்ரமும் அனிதா ஜேக்கப்சனும், குடிபெயர்ந்து வந்த ஏழைகளுக்கென்று ஓர் அருங்காட்சியகம் அமைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். கடை இடம் ஒன்றைப் பார்க்கப் போன இடத்தில்தான் பூட்டிக் கிடந்த இந்த மாடிகள் அவர்கள் கண்ணில் பட்டன. சுவர்த்தாள் ஒன்றின்மேல் ஒன்றாக இருபது அடுக்குக்கு மேல் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு அடுக்கும் ஒரு குடும்பம் வந்து போன தடம். 1863 முதல் 1935 வரை இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த சுமார் 7,000 பேர் இங்கே வாழ்ந்திருப்பார்கள் என்பது அருங்காட்சியகத்தின் கணக்கு. டெனமென்ட் மியூசியம் என்ற பெயரில் வளர்ந்த இந்த இடத்துக்குக் கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் ஆண்டுக்கு 2 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். உள்ளே தனியாகச் சுற்ற முடியாது. வழிகாட்டி இல்லாமல் ஒரு கதவும் திறக்காது.

மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ அமெரிக்கா போகும் நம் ஊர்ப் பெற்றோர்கள், சுதந்திர தேவி சிலையைப் படகில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதே நியூயார்க்கில், மன்ஹாட்டனின் கீழ்க்கிழக்குப் பகுதியில்தான் இந்தத் தெருவும் இருக்கிறது. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் 'ஸ்டோர்' வீடுகளில் பத்துக் குடித்தனத்துக்கு ஒரு குழாய், இரண்டு கழிப்பறை என்று வாழ்ந்தவர்களுக்கு இந்த மாடிப்படியில் விளக்கம் அதிகம் தேவைப்படாது. அடுத்த வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பது தெரிந்த வாழ்க்கை அது.

ஒரு மணி நேரத்துக்குள்

சுற்றுலா ஒன்று ஏறக்குறைய ஒரு மணி நேரம், சற்றுக் கூடலாம். வெளியிலிருந்து பார்த்தால் சுலபமான வேலை. நான்கு கதை மனப்பாடம் செய்து ஒப்பித்தால் போதும் என்று தோன்றும். உள்ளே நடப்பது வேறு.

முதலில் உடம்பு. மின்தூக்கி கிடையாது. ஒரு நாளில் பல முறை படியேறி இறங்க வேண்டும். அடுக்களையில் பதினைந்து பேர் நின்றால் மூச்சு முட்டும். யாரும் சுவரில் சாயக் கூடாது, மேஜையைத் தொடக் கூடாது. குழந்தையைத் தூக்கிவந்தவர் எங்கே நிற்க வேண்டும், உயரமானவர்களை எப்படிப் பின்னால் தள்ள வேண்டும், காது மந்தமான பெரியவருக்குக் கேட்கும்படி எந்த மூலையில் நின்று பேச வேண்டும் என்பதெல்லாம் கதவைத் திறப்பதற்குள் முடிவாக வேண்டும். அடுத்த குழு பின்னாலேயே வந்துகொண்டிருக்கும். ஓர் அறையில் ஐந்து நிமிடம் கூடுதலாக நின்றால் கட்டடம் முழுக்க நெரிசல்.

அடுத்தது, கதையைப் பிரித்துச் சொல்லும் அறிவு. எது ஆவணத்தில் உள்ளது, எது பக்கத்துச் சான்றுகளிலிருந்து ஊகித்தது, எது அந்தக் காலத்து வழக்கத்தை வைத்து அறையில் அமைத்தது. மூன்றுக்கும் நடுவே கோடு கிழிக்கத் தெரியாத வழிகாட்டி, கேட்பவர்களை மயக்கலாம். ஆனால் வீட்டில் வாழ்ந்தவர்களுக்குத் துரோகம் செய்கிறார்.

கம்பர்ட்ஸ் வீட்டையே எடுத்துக்கொள்வோம். ஜூலியஸ் காணாமற்போனது நமக்கு எப்படித் தெரியும்? ஜெர்மனியில் அவருடைய தந்தை இறந்து, ஜூலியஸுக்கு 600 டாலர் சொத்து வர வேண்டியிருந்தது. அதைப் பெற வேண்டுமானால் ஜூலியஸ் இறந்துவிட்டதாக நீதிமன்றம் அறிவிக்க வேண்டும். 1883-இல் நதாலி மனுப் போட்டார். வீட்டு உரிமையாளர் கிளாக்னரே அவருக்காகச் சாட்சி சொன்னார். அந்த வழக்குக் கட்டுதான் இன்றைக்கு நம் கையில் இருக்கும் ஆதாரம். அது இல்லையென்றால், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு பெயராக மட்டுமே நதாலி மிஞ்சியிருப்பார். பணம் கைக்கு வந்தபின் குடும்பம் நகரின் வடக்கே யார்க்வில் பகுதிக்குக் குடிமாறியது.

இதில் நல்ல வழிகாட்டிக்கு எத்தனை வாசல்கள்! வாடகை வசூலிக்கும் உரிமையாளர் குடித்தனக்காரப் பெண்ணுக்காக நீதிமன்றம் ஏறியது ஏன் என்று கேட்கலாம். கணவன் உயிரோடு இருக்கலாம் என்ற நினைப்போடு ஒன்பது ஆண்டு வாழ்ந்தவர், பிள்ளைகளுக்காக அவர் செத்துவிட்டார் என்று சத்தியம் செய்யும்போது மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று கூட்டத்தையே யோசிக்க வைக்கலாம். அந்த மனசைத் தானே இட்டுக்கட்டிச் சொல்லக் கூடாது. கேள்வியாகக் கையளிக்க வேண்டும், அவ்வளவுதான். 1957-இல் ஃப்ரீமன் டில்டன் எழுதிய 'இன்டர்பிரட்டிங் அவர் ஹெரிட்டேஜ்' என்ற நூலை அமெரிக்க வழிகாட்டிகள் இன்றும் படிக்கிறார்கள். தகவலைக் கொட்டுவதைவிட வந்தவரின் சிந்தனையைத் தூண்டுவதே வழிகாட்டியின் கடமை என்பது அதில் அவர் வற்புறுத்தும் கருத்து. இந்த முன்னறையில் அது ஏட்டுக் கருத்தாக இருப்பதில்லை.

ஒவ்வொரு குடித்தனத்திலும் கதையின் சுருதி வேறு. லெவின் குடும்பத்தின் முன்னறை 1890-களில் தையற்கூடம். போலந்திலிருந்து வந்த ஹாரிஸ் லெவின் அங்கே கூலியாட்களை வைத்து உடை தைத்தார். அடுக்களை அடுப்பில் ஒரு பக்கம் மனைவி ஜென்னி சமைக்க, மறுபக்கம் இஸ்திரிப் பெட்டி சூடேறும். தொழிற்சாலை ஆய்வாளர் எழுதிவைத்த குறிப்பு இந்த அறைக்குச் சான்று. ரோகர்ஷெவ்ஸ்கி வீட்டில் எட்டுப் பேர். பையன்கள் இரவில் முன்னறைச் சோபாவில் தலையை வைத்து, எதிரே போட்ட நாற்காலிகளில் உடம்பை நீட்டிப் படுப்பார்கள். குடும்பத் தலைவர் ஆபிரகாம் 1918-இல் காசநோயில் இறந்தார். அவர் மனைவி ஃபானி அந்தக் கட்டடத்தையே பெருக்கித் துடைத்துப் பராமரிக்கும் வேலையை ஏற்றுக்கொண்டு வீட்டைக் காப்பாற்றிக்கொண்டார்.

இவற்றில் எனக்கு மிகக் கடினமாகத் தோன்றுவது மூர் குடும்பத்தின் அறை. அயர்லாந்திலிருந்து வந்த ஜோசப், பிரிஜெட் தம்பதியின் கைக்குழந்தை ஆக்னஸ் 1869-இல் ஊட்டமின்மையால் இறந்தது. அந்தக் காலத்தில் சாராய வடிசாலைக் கழிவைத் தின்று வளர்ந்த நோய்ப்பட்ட மாடுகளின் பாலைச் சுண்ணப்பொடி கலந்து வெள்ளையாக்கி ஏழைத் தெருக்களில் விற்றார்கள். நகரத்தில் குழந்தைகள் கொத்துக்கொத்தாக மடிந்ததற்கு அது ஒரு பெரிய காரணம். அறையில் துக்கவீட்டுக் காட்சி அமைத்திருக்கிறார்கள். வந்து நிற்கும் கூட்டத்தில் குழந்தையை இழந்த தாய் ஒருவர் இருக்கக்கூடும். குரலை எங்கே தாழ்த்த வேண்டும், எங்கே பேச்சை நிறுத்திப் பாலின் கதைக்குத் திரும்ப வேண்டும் என்பதை எந்தக் கையேடும் கற்றுத்தராது. மற்ற வழிகாட்டிகளின் பின்னால் நடந்து நடந்து கேட்டுத்தான் அது வரும்.

வேறொரு வகை வழிகாட்டுதலும் இங்கே உண்டு. 1916-இல் இங்கே குடியிருந்த 14 வயதுப் பெண் விக்டோரியா கன்ஃபினோ. ஒட்டோமான் ஆட்சியிலிருந்த கஸ்டோரியா ஊரிலிருந்து வந்த யூதக் குடும்பம். நடிகை ஒருவர் அந்தக் காலத்து உடையில் விக்டோரியாவாகவே உட்கார்ந்திருப்பார். பார்வையாளர்கள் அப்போதுதான் கப்பலிலிருந்து இறங்கிய குடும்பமாகத் தங்களைப் பாவித்து அவரிடம் கேட்க வேண்டும்: வேலை எங்கே கிடைக்கும், வாடகை எவ்வளவு, பள்ளிக்கூடம் உண்டா? 1917-இல் நடந்தது எதுவும் விக்டோரியாவுக்குத் தெரியக் கூடாது. பார்வையாளர் தொலைக்காட்சியைப் பற்றிக் கேட்டால் அவர் விழிக்க வேண்டும். ஒரு பதினான்கு வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு தெரிந்திருக்குமோ அவ்வளவோடு நின்று, அதற்குள்ளேயே எதிரே நிற்பவருக்கு ஓர் உலகத்தைத் திறந்துகாட்ட வேண்டும். வரலாறும் நடிப்பும் ஒரே ஆளிடம் முதிர்ந்திருந்தால்தான் இது கூடும்.

கேள்விகள் கூர்மையாகும் இடம்

குடிபெயர்ந்தவர்களின் வீட்டைக் காட்டும்போது அரசியல் படியேறிவந்துவிடும். 'என் தாத்தா முறையாக வந்தார். இப்போது வருகிறவர்கள் அப்படியா?' என்ற வாதம் அமெரிக்காவில் எங்கும் ஒலிப்பது. இந்த அறைகளிலும் ஒலிக்கும். வழிகாட்டி சண்டைக்குப் போகக் கூடாது, நழுவவும் கூடாது. அவரிடம் தேதிகள் இருக்கின்றன. நதாலி வந்தபோது எல்லிஸ் தீவு நிலையமே கிடையாது. அது 1892-இல் திறந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களுக்கு அன்று இன்றுள்ளதுபோல் விசாவும் இல்லை, நாட்டுவாரி ஒதுக்கீடும் இல்லை. அதே காலத்தில், 1882-இலேயே, சீனத் தொழிலாளர்கள் வரக் கூடாதென்று தனிச்சட்டம் போட்டார்கள். தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்களின் வரவைச் சுருக்கும் ஒதுக்கீட்டுச் சட்டம் 1924-இல் முழு வடிவம் பெற்றது. 1928 முதல் 1935 வரை இதே கட்டடத்தில் வாழ்ந்த சிசிலித் தீவைச் சேர்ந்த அடோல்ஃபோ, ரொசாரியா பல்டிஸ்ஸி தம்பதி முறையான ஆவணம் இல்லாமல் நாட்டுக்குள் வந்தவர்கள். அருங்காட்சியகம் இதை மறைப்பதில்லை. அவர்கள் மகள் ஜோசபின் பெரியவரானபின் பதிவுசெய்து தந்த நினைவுகளை, அவர் வளர்ந்த அடுக்களையிலேயே அவர் குரலில் கேட்கலாம். வீட்டைப் பளபளவென்று துடைத்துவைத்த அம்மா, வேலையில்லாமல் தவித்த தச்சரான அப்பா. அதைக் கேட்டபின் தாத்தாவைப் பற்றிய வாதம் அதே தொனியில் தொடர்வது கடினம். வழிகாட்டி அங்கே வாதாடவே தேவையில்லை. எதை எப்போது சொல்வது என்று தெரிந்திருந்தால் போதும்.

யாருடைய கதை விடுபட்டது என்ற கேள்வி இன்னும் கூர்மையானது. ஐரிஷ்காரர் ஜோசப் மூர் காலத்து நகர முகவரிப் புத்தகத்தில் இன்னொரு ஜோசப் மூரும் இருந்தார். அவர் கறுப்பினத்தவர், பெயருக்குப் பக்கத்திலேயே நிறத்தைக் குறிக்கும் சுருக்கம் போட்டிருந்தது. இருவருக்குமே உணவு பரிமாறும் வேலை. ஆர்ச்சர்ட் தெருக் கட்டடத்தில் கறுப்பினக் குடும்பம் எதுவும் குடியிருக்கவில்லை. அவர் கதையையும் காட்ட அருங்காட்சியகம் நினைத்தபோது, அங்கே வாழாதவரை அந்த வீட்டுக்குள் கொண்டுவரலாமா என்று எதிர்ப்பு எழுந்தது. அருங்காட்சியகம் பின்வாங்கவில்லை. கறுப்பின ஜோசப் மூரும் அவர் மனைவி ரேச்சலும் வாழ்ந்த வீட்டைச் சான்றுகளின் துணையோடு மறுபடி அமைத்து 2023 இறுதியில் திறந்தது. இது சரியான முடிவு என்பது என் எண்ணம். ஒரு தொழிலாளிக்கு இந்தத் தெருவில் வீடு கிடைக்க, அதே தொழில் செய்த இன்னொருவர் வேறு தெருவில் வாழ்ந்தது ஏன் என்பதும் இந்தக் கட்டடத்தின் வரலாறுதான்.

வெர்ஜீனியாவில் தாமஸ் ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ மாளிகையில் வழிகாட்டிகளின் சுமை வேறு விதம். சுதந்திரப் பிரகடனம் எழுதியவர் தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தார். அவர்களில் ஒருவரான சாலி ஹெமிங்ஸின் பிள்ளைகளுக்கு அவரே தகப்பன் என்ற பழைய பேச்சுக்கு 1998-இல் மரபணுச் சோதனை வலுச் சேர்த்தது. 2018-இல் சாலி ஹெமிங்ஸுக்கென்று தனிக் காட்சியறை திறந்தார்கள். ஜெஃபர்சனின் புத்தக அலமாரியையும் தோட்டத்தையும் ரசிக்க வந்த பயணி, இதையெல்லாம் ஏன் சொல்கிறீர்கள் என்று முகம் சுளிக்கும்போது, பதில் சொல்ல நிறுவனத்தின் தலைவர் அங்கே இருப்பதில்லை. அறையில் இருப்பவர் வழிகாட்டி மட்டும்.

அவர்களுக்கு வீடு தந்தது என்ன?

இந்த வேலைக்கு வருபவர்கள் யார்? வரலாறு படித்துவிட்டு நிரந்தர வேலை தேடுபவர்கள், நாடக நடிகர்கள், எழுத்தாளர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். வாரத்தில் சில நாள் இங்கே, மீதி நாள் வேறெங்கோ. பயணிகள் கூடும் பருவத்தில் வேலை குவியும், குளிர்காலத்தில் மெலியும். பகுதிநேரம் என்பது படிக்கும் நேரத்தைச் சேர்க்காத கணக்கு. குடும்பங்களின் வரலாறு, குடியேற்றச் சட்டம், தொழிற்சங்க வரலாறு, யூதச் சடங்கு, ஐரிஷ் துக்கவழக்கம் என்று படித்துக்கொண்டே இருக்க வேண்டும். புதிய ஆவணம் கிடைத்தால் நேற்றுவரை சொன்ன வரியைத் திருத்த வேண்டும். அந்தப் படிப்பில் பெரும்பகுதி அவரவர் சொந்த நேரத்தில் நடப்பது.

2019 ஏப்ரலில் இந்த அருங்காட்சியகத்தின் வழிகாட்டிகளும் முன்வரிசை ஊழியர்களும் வாக்களித்துச் சங்கம் அமைத்தார்கள். ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கத்தின் 2110-ஆம் கிளை அது. பெயரில் வாகனம் இருந்தாலும், நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியக ஊழியர்களும் அதில்தான் இருக்கிறார்கள். லெவின் வீட்டுத் தையற்கூடத்தில் நின்று கூலியுயர்வுப் போராட்டங்களின் கதையை நாள் தவறாமல் சொல்லிவந்தவர்கள், தங்கள் சம்பளத்துக்கும் வேலைப் பாதுகாப்புக்கும் பேச்சுவார்த்தை மேஜைக்கு வந்தார்கள்.

மறு ஆண்டு கொரோனா. 2020 மார்ச்சில் கட்டடம் மூடியது. நுழைவுச்சீட்டும் கடை விற்பனையுமே பெரும்பங்கு வருமானம் என்பதால் பணம் வறண்டது. ஜூலையில் பகுதிநேர ஊழியர்கள் 70-க்கும் மேற்பட்டவர்களை வேலையிலிருந்து நீக்கினார்கள். நிர்வாகத்துக்கு நெருக்கடி உண்மையானது. அதை மறுக்க முடியாது. ஆனாலும் இந்த இழப்பைச் சம்பளப் பட்டியலில் சிலர் குறைந்தார்கள் என்ற கணக்காக என்னால் பார்க்க முடியவில்லை. கம்பர்ட்ஸ் வீட்டு முன்னறையில் எந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டால் ஒரு பள்ளி மாணவன் நிமிர்ந்து பார்ப்பான் என்று அறிந்தவர்கள் அவர்கள். அது எழுதிவைத்துப் பூட்டிக் காக்கும் பொருள் அல்ல. ஒருவர் நடக்க, இன்னொருவர் பின்னால் நடந்து கேட்டுக் கற்பது. சங்கிலி அறுந்தால் மறுபடி கோக்கப் பல ஆண்டுகள் வேண்டும். மேற்கூரை ஒழுகினால் நன்கொடை திரட்டும் நிறுவனங்கள், உலகில் எங்கானாலும், வழிகாட்டிகளின் சம்பளத்தையும் கட்டடப் பராமரிப்புச் செலவாகவே எண்ணி நிதி ஒதுக்க வேண்டும். பகுதிநேர வேலையாகவே இருக்கட்டும். தயாரிப்பு நேரத்துக்கும் சம்பளம், குளிர்காலத்துக்கும் குறைந்தபட்ச மணிக்கணக்கு, புதியவருக்கு மூத்தவரோடு நடந்து கற்கும் காலம் ஆகியவை இருக்கட்டும்.

அருங்காட்சியகம் பிறகு மீண்டும் திறந்தது. இப்போது போகிறவர்கள் 103-ஆம் எண் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். எந்தக் குடும்பத்தின் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று முன்பே தேர்ந்துகொள்ள வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சுற்றில் பார்க்க முடியாது. முட்டிவலி உள்ளவர்கள் எத்தனை மாடி ஏற வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வாங்குவது நல்லது. முடிந்தால் வார நாளில் போங்கள். குழு சிறியதாக இருந்தால் வழிகாட்டிக்கு உங்கள் கேள்வியோடு நிற்க நேரம் கிடைக்கும்.

அந்த 103-ஆம் எண் கட்டடத்துக்குள்ளும் 2017 டிசம்பரில் ஒரு வீடு திறந்தார்கள். இரண்டாம் உலகப் போரின் யூத இன அழிப்பிலிருந்து தப்பிவந்த எப்ஸ்டைன் குடும்பம், புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த சயெஸ் வெலஸ் குடும்பம், சீனாவிலிருந்து வந்த வாங் குடும்பம் என மூன்று தலைமுறைக் குடித்தனக்காரர்கள். திருமதி வாங் சைனாடவுன் ஆடைத் தொழிற்சாலையில் தைத்தவர். 1982-இல் அங்கே சுமார் 20,000 தையல் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், வேலைநிறுத்தம் செய்து தெருவில் இறங்கினார்கள். லெவின் வீட்டில் தொடங்கிய ஊசியின் கதை தொண்ணூறு ஆண்டு கழித்து இங்கே வந்து சேர்கிறது. இந்த வீட்டின் பொருள்களும் நினைவுகளும் நீதிமன்றக் கட்டிலிருந்து வந்தவை அல்ல. இங்கே வளர்ந்த பிள்ளைகளே உட்கார்ந்து பேசித் தந்தவை. ஆகவே இங்கே வழிகாட்டியின் பொறுப்பு வேறாகிறது. நதாலி வந்து தன்னைத் திருத்தப்போவதில்லை என்று கம்பர்ட்ஸ் வீட்டு வழிகாட்டிக்குத் தெரியும். வாங் வீட்டைக் காட்டுபவர் அப்படி நினைக்க முடியாது. கூட்டத்தின் பின்வரிசையில் அந்த வீட்டில் வளர்ந்த ஒருவரே சீட்டு வாங்கிக்கொண்டு வந்து நிற்கலாம். மேஜை இருந்த இடம் அதுவல்ல என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் அடுத்த குழு மேலே வருவதற்குள் வழிகாட்டி தன் வரியை மாற்றிக்கொள்ள வேண்டும்.